ஆண்டுகளா, ஆற்றலா?

ஒரு தச்சர் தம் தொழிலில் எவ்வளவு தேர்ந்தவர்? ‘பத்து ஆண்டுகளாக வேலை செய்கிறார்’ என்பது ஒரு விடை. ‘வரைபடத்தைப் பார்த்து, கதவு நிலையைத் தாமே செய்து பொருத்துவார்’ என்பது மற்றொரு விடை. முதல் விடை காலத்தை அளக்கிறது. இரண்டாவது விடை ஆற்றலை அளக்கிறது. முதல் அளவையிலிருந்து இரண்டாவதற்கு வந்து சேர இங்கிலாந்துக்கு நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

1563ஆம் ஆண்டில் எலிசபெத் அரசியின் ஆட்சியில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அன்று நடைமுறையில் இருந்த தொழில்களில் ஈடுபட, ஏழு ஆண்டுகள் தொழில் பழகியிருக்க வேண்டும் என்றது அச்சட்டம். இதனால் விளைந்த வேடிக்கையை ஆடம் ஸ்மித் 1776இல் எடுத்துக் காட்டினார். கோச்சு வண்டி செய்பவர் தம் வண்டிக்குச் சக்கரம் செய்யக் கூடாது. சக்கரத் தச்சரிடம்தான் வாங்க வேண்டும். ஆனால், சக்கரத் தச்சர் கோச்சு வண்டியே செய்யலாம்! காரணம், சட்டம் பிறந்தபோது கோச்சு வண்டித் தொழில் அந்நாட்டில் இல்லை. நீண்ட பயிற்சிக் காலம் நல்ல வேலைக்கு உறுதி ஆகாது என்பது ஸ்மித்தின் வாதம். பழகுநர் பற்றிய விதிகள் 1814இல் நீக்கப்பட்டன.

காலத்தை விட்டால் எதை அளப்பது? இதற்கு ஒரு விடை மாஸ்கோவில் கிடைத்தது. அங்கிருந்த பேரரசுத் தொழில்நுட்பப் பள்ளியின் தலைவர் விக்டர் டெல்லா வோஸ், 1868 முதல் புதியதொரு முறையைக் கையாண்டார். மரவேலை, கடைசல், கொல்லுவேலை ஆகிய ஒவ்வொன்றையும் சிறு சிறு செயல்களாகப் பிரித்து, எளியது முதல் கடினமானது வரை வரிசைப்படுத்தினார். ஒரு படியைச் செம்மையாக முடித்த மாணவரே அடுத்த படிக்குச் செல்லலாம். 1876இல் பிலடெல்பியா பொருட்காட்சியில் இம்முறையைக் கண்ட அமெரிக்கக் கல்வியாளர்கள் இதைத் தம் நாட்டிலும் புகுத்தினர்.

1986இல் இங்கிலாந்து தேசியத் தொழில் தகுதிகளுக்கான மன்றத்தை அமைத்தது. அதன் தகுதிகள் ஐந்து படிகளாக வகுக்கப்பட்டன. பழகிய வேலையைச் சொன்னபடி செய்வது முதற்படி. எதிர்பாராத சூழலில் தாமே முடிவெடுத்துப் பொறுப்பேற்பது ஐந்தாம் படி. எங்கே, எத்தனை நாள் கற்றார் என்ற கேள்வி பின்னுக்குப் போயிற்று.

பிற நாடுகளும் இவ்வழியில் வந்தன. இலங்கையின் தேசியத் தொழில் தகைமையில் ஏழு படிகள் உண்டு. ஏழாவது பட்டத்துக்கு இணையானது. இந்தியா 2013இல் பத்துப் படிகள் கொண்ட தகுதிக் கட்டமைப்பை அறிவித்தது. 2023இல் அவை எட்டாகத் திருத்தப்பட்டன.

இம்முறையில் குறையே இல்லையா? உண்டு. உருகு இழையை மாற்றத் தெரிந்த ஒருவரின் பெயருக்கு நேரே ‘தெரியும்’ என்று குறித்துவிடலாம். தடித்த கம்பியை அங்கே கட்டினால், மிகை மின்னோட்டத்தின்போது அது உருகாது; சுவருக்குள் உள்ள கம்பிகள் சூடேறித் தீப்பிடிக்கக் கூடும். இந்தக் காரணத்தை அவரிடம் கேட்டோமா? கேட்காவிட்டால், படிகள் வெறும் பட்டியலாகிவிடும். இங்கிலாந்தில் எழுந்த கண்டனங்களில் இதுவும் ஒன்று.

எனினும் ஒரு நன்மையை மறக்கலாகாது. பள்ளி வாயிலை மிதிக்காமல், தந்தையிடம் மின்வேலை பழகிய ஓர் இளைஞரை எண்ணிப் பாருங்கள். காலத்தையும் கல்விக்கூடத்தையும் மட்டும் கேட்கும் முறையில் அவருக்குச் சான்றிதழ் இல்லை. ஆகவே உரிய கூலியும் இல்லை. ஆற்றலைக் கேட்கும் முறையில் அவர் செய்து காட்டலாம், காரணமும் சொல்லலாம், தமக்குரிய படியைப் பெறலாம். செய்கை, காரணம் ஆகிய இரண்டையும் நேர்மையாகச் சோதிக்கும் தேர்வாளர் இருந்தால்தான் அந்தப் படிக்கு மதிப்பு உண்டு.