ஒரே ஒரு யார்டு

டல்லஸ் நகரம், 1979 ஜனவரி 1. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் காட்டன் பவுல் ஆட்டம் முடிய அரை நிமிடம்தான் பாக்கி. ஹூஸ்டன் 34, நோட்ர டாம் 28. பந்து ஹூஸ்டனிடம், அவர்களுடைய 29ஆவது யார்டு கோட்டில். நான்காவது, கடைசி முயற்சி, தேவை ஒரே ஒரு யார்டு; தவறினால் பந்து எதிரணிக்கு.

நோட்ர டாமின் குவார்ட்டர்பேக் ஜோ மொன்டானாவின் கடைசி வீச்சை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். பக்கக் கோட்டருகே குளிரில் நிற்கும் பில் யோமனைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

ஹூஸ்டன் அணியின் பயிற்சியாளர் அவர். முதலில் பந்தைத் தூர உதைத்துத் தள்ளத்தான் ஆளை அனுப்பினார். நோட்ர டாம் ஆள் ஒருவர் முந்திக்கொண்டு கோட்டைத் தாண்டியதால் 5 யார்டு தண்டம். தேவை ஒரு யார்டாகச் சுருங்கியதும் யோமன் மனம் மாறினார். உதைக்க வேண்டாம், ஓடியே எடுப்போம் என்றார். 'கையில் இருந்த வெற்றியைத் தானே தூக்கிக் கொடுத்தார்' என்று இன்றுவரை அவரைக் குறை சொல்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. சில நிமிடங்களுக்கு முன்தான் இதே அணி உதைத்த பந்து மறிக்கப்பட்டு, ஸ்டீவ் சிச்சி அதை 33 யார்டு கொண்டுபோய் டச் டவுன் ஆக்கியிருந்தார். 34-12 என்று செத்துக்கிடந்த நோட்ர டாமுக்கு உயிர் வந்ததே அங்கேதான். உறைபனி மழை பெய்து தரையெல்லாம் கண்ணாடியாய்க் கிடந்த அந்த நாளில், இன்னொரு உதையை நம்ப யாருக்கு நெஞ்சு வரும்?

அதைவிடப் பெரிய காரணம், யோமன் யோமனாக இருந்தது. வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரி அணியில் ஆடியவர், மிச்சிகன் ஸ்டேட்டில் டஃபி டாஹர்ட்டியிடம் உதவிப் பயிற்சியாளராகத் தொழில் கற்றவர், 1962இல் ஹூஸ்டனுக்கு வந்தார். அவர் கண்டுபிடித்த 'வீர்' ஆட்டமுறையின் அழகைப் பாருங்கள். எதிரணித் தடுப்பாளர் ஒருவரை வேண்டுமென்றே யாரும் மறிக்காமல் விட்டுவிடுவார்கள். பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கின் கண் அந்த ஒரே ஆள்மீது இருக்கும். அந்த ஆள் உள்ளே பாய்ந்தால் குவார்ட்டர்பேக் பந்தைத் தானே வைத்துக்கொண்டு வெளியே ஓடுவார். வெளியே நின்றால் உள்ளே ஓடுபவரிடம் கொடுத்துவிடுவார். எதிராளி எந்தப் பக்கம் அடியெடுத்து வைத்தாலும் அது தப்பாகிவிடும். பலம் குறைந்த அணியும் பெரிய அணியோடு மல்லுக்கு நிற்க இதைவிட நல்ல வழி அன்று இருந்ததாக நான் நினைக்கவில்லை.

களத்துக்கு வெளியேயும் அவருக்கு அதே துணிச்சல்தான். 1964இல் சான் அன்டோனியோவைச் சேர்ந்த வாரன் மெக்வே என்ற கறுப்பின இளைஞரை உதவித்தொகை கொடுத்து அணியில் சேர்த்தார். ஹூஸ்டன் கால்பந்தில் அப்படிச் சேர்ந்த முதல் கறுப்பினத்தவர் மெக்வேதான். அது எப்பேர்ப்பட்ட காலம்? 1969இல் தேசியச் சாம்பியனான டெக்சஸ் பல்கலைக்கழக அணியில் களமிறங்கியவர்கள் அத்தனை பேரும் வெள்ளையர்கள். அதற்கு இரண்டு வருடம் முன்னாலேயே மெக்வேயை அழைத்துக்கொண்டு தன் பழைய குரு டாஹர்ட்டியின் ஊருக்கே போய், 37-7 என்று மிச்சிகன் ஸ்டேட்டை வீழ்த்திவிட்டு வந்தார் யோமன். இந்தக் கதையில் எனக்கு நாயகன் அவர்தான். மொன்டானாவின் ரசிகர்கள் மன்னிக்க வேண்டும்.

இப்படிப்பட்டவர் ஒரு யார்டுக்கு அஞ்சி உதைத்துத் தள்ளுவாரா? பந்து எம்மெட் கிங்கிடம் போனது. நடுவில் இருந்த நெரிசலுக்குள் தலையைக் கொடுத்தார். ஜோ கிராம்கி என்ற முதலாண்டு மாணவர் அவரைக் கட்டிப்பிடித்து நிறுத்தினார். அந்த ஒரு யார்டு கிடைக்கவில்லை.

இந்த ஆட்டத்துக்கு 'சிக்கன் சூப் ஆட்டம்' என்று பெயர். உடல் வெப்பம் இறங்கி நடுங்கிய மொன்டானாவை உடைமாற்றும் அறையில் போர்த்திக் கிடத்தி, சூடான சூப் ஊட்டித் தேற்றியதால் வந்த பெயர். உருக்கமான கதைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சூப் யோமனை மறைத்துவிட்டது. 25 பருவங்கள் ஹூஸ்டனைக் கட்டி வளர்த்தவரை, கிடைக்காமல் போன ஒரு யார்டோடு சேர்த்தே நினைக்கிறார்கள்.

பந்து கைமாறியபோது மீதி 28 விநாடி. மொன்டானா களத்துக்குள் வருகிறார். மூலையில் கிரிஸ் ஹெய்ன்ஸ் பந்தைப் பிடித்ததும், அதற்குப் பிறகு ஜோ யூனிஸ் ஒரே உதையை இரண்டு முறை உதைக்க நேர்ந்ததும் அடுத்த வாரம்.