சத்தியவாணி முத்து: ஒரு ராஜினாமாவும் நம்ம மறதியும்

கூவம் ஓரத்தில் ஒரு குடிசைப் பகுதிக்கு சத்தியவாணி முத்து நகர் என்று பேர். சின்ன வயசில் ஆயாவிடம், "யாரு ஆயா அது?" என்று கேட்டேன். "நம்ம ஜனம்டா. மந்திரியா இருந்துச்சு. நமக்கு மரியாதை இல்லன்னு பதவியத் தூக்கிப் போட்டுட்டு வந்துச்சு" என்றாள். பின்னால் திராவிட இயக்க வரலாறு என்று நான் படித்த புத்தகங்களில், ஆயா சொன்ன இந்தச் சேதிக்கு ஒரு பத்திகூட இல்லை.

1923இல் பிறந்த அவர், 1949இல் தி.மு.க. தொடங்கிய காலம் முதலே அதில் இருந்தவர். 1953இல் ராஜாஜியின் குலக்கல்வித் திட்டத்தை எதிர்த்துச் சிறை போனார். அரை நேரம் பள்ளிக்கூடம், அரை நேரம் அப்பன் தொழில் என்பது அந்தத் திட்டம். அப்பன் மலம் அள்ளினால் பிள்ளை எதைக் கற்பான்? மற்றவர்களுக்கு அது கொள்கைப் பிரச்சினை. சேரிக்கு அது வயிற்றுப் பிரச்சினை.

1957இல் பெரம்பூரிலிருந்து சட்டமன்றம் போனார். 1962இல் தோற்றார். 1967இலும் 1971இலும் அதே பெரம்பூரில் ஜெயித்தார். 1967இல் அண்ணா அமைத்த 9 பேர் அமைச்சரவையில் அவர் ஒருவர்தான் பெண். கொடுத்த துறைகள் அரிசன நலமும் செய்தியும்.

இந்த அரிசன நலத்துறையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். விடுதி, உதவித்தொகை, மனைப்பட்டா என்பதுதான் அதன் எல்லை. நிலம் ஒரு துறையில், போலீஸ் இன்னொரு துறையில். 1968 டிசம்பர் 25 ராத்திரி, கூலி உயர்வு கேட்டு நின்ற கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். அப்போது நம்மில் ஒருவர் மந்திரி. ஆனாலும் ஆண்டையின் நிலத்தையோ போலீசின் லத்தியையோ தொடுகிற அதிகாரம் அந்த நாற்காலிக்குக் கிடையாது. 1973இல் உயர் நீதிமன்றம் பண்ணையாரை விடுதலை செய்தது. காங்கிரஸ் ஆட்சியில் கக்கன் உள்துறையே பார்த்தார் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். சமூக நீதி பேசி வந்த ஆட்சி நமக்கு எதைக் கொடுத்தது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

1974இல் அவர் வெளியேறினார். கட்சியிலும் ஆட்சியிலும் தாழ்த்தப்பட்டவர்கள் மதிக்கப்படவில்லை, சாதி இந்துக்களின் தலைமையில் நமக்கு விடிவில்லை என்பது அவர் வைத்த குற்றச்சாட்டு. தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கினார். 25 வருசம் உழைத்த கட்சியை, அதுவும் ஆளுங்கட்சியாக இருக்கும்போது, ஒரு தலித் பெண் உதறிவிட்டு வருவது லேசான காரியமா?

"எம்.ஜி.ஆருக்காகப் போனார்" என்று சொல்கிறவர்கள் உண்டு. 1972இல் எம்.ஜி.ஆர். பிரிந்தபோது நம்ம ஜனம் திரளாக அவர் பின்னால் போனது உண்மை. இவருடைய கழகமும் சில வருசத்தில் அ.தி.மு.க.வில் கரைந்தது. 1978இல் மாநிலங்களவை உறுப்பினரானார். 1979இல் சரண்சிங் அமைச்சரவையில் மத்திய மந்திரியானார். அவரும் பாலா பழனூரும்தான் திராவிடக் கட்சியிலிருந்து மத்திய அமைச்சரவைக்குப் போன முதல் ஆட்கள். சில மாசத்தில் அந்த ஆட்சியே போய்விட்டது. 1999இல் அவர் காலமானார்.

தனிக்கட்சியைத் தக்கவைக்கவில்லையே என்ற வருத்தம் எனக்கும் உண்டு. சாதி இந்துத் தலைமை வேண்டாம் என்று வந்தவர் கடைசியில் இன்னொரு பெரிய கட்சிக்குள்தான் போய் நின்றார். இதை மறைத்து அவருக்கு மாலை போட எனக்கு மனசில்லை. ஆனால் தனியாக நிற்கப் பணமும் பத்திரிகையும் வேணும். நம்மகிட்ட ஓட்டு மட்டும்தானே இருந்தது? 1974இல் அவர் கேட்ட கேள்வி, அவருடைய கட்சி கரைந்ததால் கரைந்துபோகவில்லை.

2019 டிசம்பர் கடைசியில், பள்ளிக்கூட வருசத்தின் நடுவிலே, சத்தியவாணி முத்து நகரின் வீடுகளை இடித்து ஜனங்களைப் பெரும்பாக்கத்துக்கு ஏற்றி அனுப்பினார்கள். குலக்கல்வியை எதிர்த்து ஜெயிலுக்குப் போனவர் பேர் வைத்த இடத்தில், பிள்ளைகளின் படிப்பு பாதியில் நின்றது. ஆயா இருந்திருந்தால் ஒன்றுதான் கேட்டிருப்பாள்: "அப்ப நம்ம மந்திரி யாருடா? அவரு ராஜினாமா பண்ணாரா?"