நேரப் பந்திலிருந்து கூரை ஆன்டெனா வரை: சிங்கப்பூரில் மணி பரப்பிய வரலாறு

கம்பியில்லாக் கடிகார அமைப்பு என்பது பெரிய கட்டடங்களிலும் வளாகங்களிலும் உள்ள சுவர்க் கடிகாரங்கள் அனைத்தையும் ஒரே நேரத்தில் ஓட வைக்கும் ஏற்பாடு. வானம் தடையின்றித் தெரியும் கூரையில் ஜி.பி.எஸ். ஆன்டெனா பொருத்தப்படும், அது செயற்கைக்கோள்களிடமிருந்து பெறும் நேரத்தை டிரான்ஸ்மிட்டர் எனப்படும் அலைபரப்பி வானொலி அலையாக அனுப்ப, கடிகாரங்கள் அதைக் கேட்டுத் தம் முட்களைத் தாமே திருத்திக்கொள்ளும். கருவிகள் புதியவை என்றாலும், சரியான நேரத்தை ஓரிடத்தில் பெற்று ஒரே குறியால் எல்லார்க்கும் அறிவிக்கும் வேலை சிங்கப்பூரில் நூறாண்டுக்கும் முற்பட்டது.

அந்த வேலையை ஃபோர்ட் கேனிங் குன்றில் முன்பு செய்தவை ஒரு பந்தும் ஒரு பீரங்கியும். கிரீனிச்சில் 1833-இல் தொடங்கிய வழக்கத்தைப் பின்பற்றி, கம்பத்தில் ஏற்றப்பட்ட பெரிய பந்து பிற்பகல் 1 மணி ஆகும் கணத்தில் கீழே விடப்பட்டது. பீரங்கி காலை 5, பிற்பகல் 1, இரவு 9 மணிகளில் முழங்கி ஊருக்கு நேரம் சொன்னது. பீரங்கி இருக்கப் பந்து எதற்கு என்னும் கேள்விக்கு விடை கடலில் இருக்கிறது. ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்வதால், குன்றிலிருந்து ஒன்றேகால் கிலோமீட்டருக்குச் சற்று அப்பால் உள்ள தேக்காவில் நிற்பவருக்கு முழக்கம் ஏறத்தாழ 4 வினாடி தாமதமாகவே கேட்கும். சந்தைக்குப் போகிறவருக்கு அது பொருட்டே அல்ல. கப்பல் தலைவனுக்கோ, குரோனோமீட்டர் என்னும் கடற்கடிகாரத்தில் 4 வினாடி பிசகினால், நிலநடுக்கோட்டை ஒட்டிய கடலில் கப்பலின் இருப்பிடம் கிழக்கு மேற்காக ஒரு கடல்மைல் பிசகிவிடும். ஆகவே ஊர்மக்கள் காதால் கேட்டதை மாலுமிகள் கண்ணால் பார்த்தனர்.

நேரத்தின் நம்பகம் தீர்க்கரேகையின் நம்பகத்தைப் பொறுத்தது. ஓரிடத்தின் தீர்க்கரேகையை அறிவதென்பது அவ்விடத்து நேரத்துக்கும் கிரீனிச் நேரத்துக்கும் உள்ள வேறுபாட்டை அறிவதே. சென்னை, பினாங்கு, சிங்கப்பூர் ஆகியவற்றை இணைத்துக் கடலடித் தந்திக் கம்பி 1870-71-இல் போடப்பட்ட பின், தொலைவிலுள்ள இரு வானாய்வு நிலையங்கள் தத்தம் நேரத்தைத் தந்திவழி ஒப்பிடுவது எளிதாயிற்று. 1881-82-இல் அமெரிக்கக் கடற்படை அதிகாரிகளான கிரீன், டேவிஸ், நாரிஸ் ஆகியோர் ஜப்பான் முதல் சென்னை வரை தந்தியால் தீர்க்கரேகை அளந்தபோது சிங்கப்பூரும் அந்தத் தொடரில் இடம்பெற்றது. அப்போது நார்மன் போக்சனின் பொறுப்பில் இருந்த சென்னை வானாய்வு நிலையத்தின் நேரம் ஏற்கெனவே இந்திய ரயில்களை நடத்திக்கொண்டிருந்தது. இந்தியாவுக்கும் சிங்கப்பூருக்கும் இடையிலான தொடர்பை ஆட்களாலும் சரக்குகளாலும் மட்டும் எண்ணிப் பழகியவர்கள் இந்தக் கம்பியையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நேரத்தை அளப்பதற்கு விண்மீன்கள் போதும். எந்த நேரத்தை ஊர் பின்பற்ற வேண்டும் என்பதை அரசே தீர்மானித்தது. சூரியனின்படி சிங்கப்பூர் கிரீனிச்சை விட 6 மணி 55 நிமிடம் 25 வினாடி முன்னே நிற்கிறது. 1905 ஜூன் 1 முதல் அது முழு 7 மணியாக்கப்பட்டது. 1933-இல் மாலை வெளிச்சத்தைக் கூட்டுவதற்காக 20 நிமிடம் சேர்ந்தது. 1941 செப்டம்பரில் மேலும் 10 நிமிடம். 1942 பிப்ரவரியில் நகரம் ஜப்பானியரிடம் வீழ்ந்த மறுநாளே தோக்கியோ நேரம் திணிக்கப்பட, கடிகாரங்கள் ஒன்றரை மணி நேரம் முன்னே ஓடின. போர் முடிந்ததும் ஏழரைக்குத் திரும்பிய நேரம், மலேசியா தன் இரு பகுதிகளுக்கும் ஒரே நேரம் வகுத்தபோது சிங்கப்பூரும் உடன்சென்றதால், 1982 ஜனவரி 1 முதல் 8 மணியாயிற்று; அந்தப் புத்தாண்டு இரவில் 11.30-க்கு அடுத்த கணமே நள்ளிரவு.

இன்று நாட்டின் நேரத்தைத் தேசிய அளவியல் மையம் சீசியம் அணுக்கடிகாரங்களால் காத்து, பாரிஸ் அருகிலுள்ள பன்னாட்டு அலுவலகத்தின் நேரத்தோடு செயற்கைக்கோள் வழியே ஒப்பிட்டு வருகிறது. ஜெர்மனியிலும் ஜப்பானிலும் நீண்ட அலை வானொலி நிலையங்களே வீட்டுக் கடிகாரங்களைத் திருத்துகின்றன. அந்நிலையங்களின் எல்லைக்கு அப்பால் உள்ள சிங்கப்பூரில் ஒரு கட்டடம் தன் கடிகாரங்களை அலையால் நடத்த விரும்பினால் செயற்கைக்கோளையே நாட வேண்டும். இருப்பிடத்தையும் நேரத்தையும் சேர்த்துக் கண்டறிய நான்கு செயற்கைக்கோள்கள் தேவை. ஆன்டெனாவின் இடம் ஒருமுறை உறுதியாகிவிட்டால் நேரத்துக்கு ஒன்றே போதும். அடுக்குமாடிகள் வானத்தை மறைக்கும் நகரில் இது சிறு சலுகை அன்று. அடிக்கடி மின்னல் வெட்டும் ஊரில் கூரை ஆன்டெனாவுக்கு இடிதாங்கிக் காப்பும் கட்டாயம் வேண்டும்.

இயக்குபவர் கவனிக்க வேண்டிய நுட்பம் வேறு. ஜி.பி.எஸ். நேரம் 1980 முதல் இடையீடின்றி ஓடுவதால், புவிச் சுழற்சிக்காக அவ்வப்போது சேர்க்கப்படும் லீப் வினாடிகள் அதில் இல்லை. இப்போது அது உலகப் பொது நேரத்தை விட 18 வினாடி முன்னே இருக்கிறது. இவ்வேறுபாடு செயற்கைக்கோள் செய்தியிலேயே வந்தாலும், முழுச் செய்தி வந்து முடியப் பன்னிரண்டரை நிமிடம் ஆகும். அதற்குள் பரப்பத் தொடங்கும் கருவி தவறான வினாடியைப் பரப்பக்கூடும். கடைசி லீப் வினாடி சிங்கப்பூரில் 2017 ஜனவரி 1 அன்று காலை 8 மணிக்குச் சற்று முன் நுழைந்தது. ஜி.பி.எஸ். வாரங்களை 1,024 வரை எண்ணி மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்குவதும், அவ்வாறு 2019 ஏப்ரலில் தொடங்கியபோது பழைய கருவிகள் சில ஏறத்தாழ இருபது ஆண்டு பின்னே போனதும் இத்தொழிலின் அண்மைக்கால வரலாறு.

லீப் வினாடிகளைக் கழித்தபின் செயற்கைக்கோளிடமிருந்து கிடைப்பது உலகப் பொது நேரம் மட்டுமே. அதனோடு 8 மணியைக் கூட்டும்படி கருவியில் அமைப்பது மனிதர் கை. அப்படிக் கூட்டியபின் சுவரில் தெரியும் மணி, சூரியனின் சராசரி நேரத்தை விட 1 மணி 4 நிமிடம் 35 வினாடி முன்னே நிற்கிறது. சிராங்கூன் சாலையில் பஞ்சாங்கம் பார்ப்பவருக்கு இது வெறும் கணக்கு அன்று. ராகு காலம் என்பது உதயம் முதல் அஸ்தமனம் வரையிலான பகலை எட்டாகப் பகுத்த பங்குகளில் ஒன்று. திங்கட்கிழமைக்கு இரண்டாம் பங்கு. ஆறு மணி உதயத்தைக் கொண்டு தமிழகத்து நாள்காட்டி அதை 7.30 முதல் 9 வரை என்று அச்சிட, ஏழு மணியை ஒட்டிச் சூரியன் உதிக்கும் சிங்கப்பூரில் அது 8.30 முதல் 10 வரை என்று ஆகிறது.