கொடுங்கை

கோயில் கட்டிடக்கலை பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கோபுரத்தையும் விமானத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கூரை சுவரைத் தாண்டி வந்து கவியும் விளிம்பு அவர்களுக்கு ஓர் அலங்காரம். எனக்கு நம் கட்டிடங்களின் சரித்திரமே அந்த விளிம்பில் இருப்பதாகப் படுகிறது.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. சித்திரைப் பிறப்பை ஒட்டிச் சூரியன் இங்கு நேர் உச்சிக்கு வருகிறது. அந்த வெயிலைச் சிறிய நீட்டலே தடுத்துவிடும். மேற்குச் சுவரில் சாய்ந்து விழும் பிற்பகல் வெயில்தான் கொடியது. அதனால் பனையோலைக் கூரையின் இறவாரம் நீண்டால் போதவில்லை, தாழவும் வேண்டியிருந்தது. குனிந்துதான் உள்ளே போகமுடியும். எப்போதாவது பெய்யும் மழையில் மண்சுவர் கரையாமல் காத்ததும் அதே தாழ்வுதான்.

இந்தத் தாழ்வைத்தான் கல் நினைவில் வைத்துக்கொண்டது. கொடுங்கை என்றால் மடக்கிய கை. ஓலையும் மூங்கிலும் தாமே வளையும். கல்லை வளைவாகச் செதுக்கவேண்டும். கொடுங்கை மேலுள்ள கூடுகள், ஒருகாலத்தில் ஓலைக்கூரை முகப்பில் திறந்திருந்த சாளரங்கள். மாமல்லபுரத்தின் 7ஆம் நூற்றாண்டுத் திரௌபதி ரதம் முழுக் குடிசையே பாறையானது. திருச்சுழியில் சுந்தரர் பாடல்பெற்ற திருமேனிநாதரின் கற்கோயிலும் அந்தக் குடிசையின் வம்சம்தான்.

ஆவுடையார்கோயிலில் இந்த நினைவு எல்லைக்குப் போகிறது. கொடுங்கையின் அடியில் கைமரம், குறுக்குச் சட்டம், ஆணித்தலை எல்லாம் கல்லில். ஸ்தபதிகள் ஒப்பந்தத்தில் 'ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக' என்று எழுதிக்கொள்வார்கள் என்பது வழக்கு. வியக்காமல் இருக்கமுடியாது. ஆனாலும் அந்த ஆணிகள் எதையும் பிடித்திருக்கவில்லை. உருவம் தன் காரணத்தை விட்டுத் திறமையில் நிற்கத் தொடங்கும் இடம் அது. அங்கேகூட அடியில் நிழல் விழுகிறது என்பதைச் சொல்லவேண்டும்.

1865இல் பாசல் மிஷன் மங்களூரில் தொடங்கிய ஆலையின் ஓடு பின்னர் நம் ஊர்களுக்கும் வந்தது. பொருள் மாறியது, சாய்ப்பு இருந்தது. கான்கிரீட் கூரையில்தான் இறவாரம் ஜன்னலுக்கு மேல் இரண்டடி சன்ஷேடாகச் சுருங்கியது. மேற்குச் சுவர் முழுதும் வெயிலுக்கு. இப்போது அழகுக்காக முகப்பில் சரிவு வைத்து ஓடு பதிக்கிறார்கள். அதன் கீழ் ஓர் ஆள் நிற்க நிழல் இல்லை.

மரபு, மரபு என்று நாமும் எழுதிக்கொண்டிருக்கிறோம். நம் எழுத்திலும் பதித்த ஓடு எது, இறங்கிய இறவாரம் எது என்று பிற்பகல் மூன்று மணிக்குப் பார்க்கவேண்டும்.