திரும்பி வரும் கப்பல்

எங்கள் தெருவில் எனக்கு ஒரு ஸ்நேகிதர் இருக்கிறார். முப்பத்தைந்து வருஷம் பாங்கியில் பிறத்தியார் பணத்தை எண்ணிவிட்டு ஓய்வு பெற்றவர். 2022-ஆம் வருஷம், சென்னைத் துறைமுகத்திலிருந்து உல்லாசக் கப்பல் விடத் தொடங்கிய புதிதில், அவருடைய பிள்ளை அவருக்கும் அவர் சம்சாரத்துக்கும் டிக்கெட் வாங்கிக் கொடுத்தான். அவர்கள் திரும்பி வந்த மறுநாள் காலையில் நான் விசாரிக்கப் போனேன்.

"எந்த ஊருக்கு ஸார் போனீர்கள்?" என்று கேட்டேன்.

"ஊரா? ஒரு ஊருக்கும் போகவில்லை. கப்பல் கடலுக்குள் போயிற்று. இரண்டு ராத்திரி சுற்றிற்று. திரும்பி வந்துவிட்டது."

"பின்னே எதற்காகப் போனீர்கள்?"

அவர் சற்று யோசித்தார். "அதுதான் ஸார் வேடிக்கை! எதற்காகவும் போகவில்லை. என் ஆயுசில் ஒரு காரியமும் இல்லாமல் நான் செய்த முதல் பிரயாணம் இதுதான். எத்தனை சுகமாயிருந்தது தெரியுமா?" என்றார்.

இந்தப் பதில் என்னை வெகு நேரம் யோசிக்க வைத்தது. ஏனென்றால் எங்கள் வீட்டில் கப்பல் என்ற சொல்லுக்கு வேறு அர்த்தம். என் பாட்டனார் நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறிப் பினாங்குக்குப் போனவர். மேல் தட்டில் ஆயிரக்கணக்கான ஜனங்களுக்கு நடுவே பாயை விரித்துப் படுத்துக்கொண்டு போனாராம். அவரை வழியனுப்பிவிட்டு வந்த என் பாட்டி, அதற்குப் பிறகு நாகப்பட்டினத்தில் பந்துக்கள் வீட்டுக்குப் போனால்கூடக் கடற்கரைப் பக்கம் தலை காட்டமாட்டாள். நம் பாஷையிலேயே பாருங்கள்: 'மானம் கப்பலேறிவிட்டது' என்கிறோம். போனது போனதுதான், இனித் திரும்பாது என்று பொருள். கப்பல் ஏறுவது என்றால் திரும்பாமல் போவது என்று நம்மவர்கள் மனத்தில் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது.

நம் நாட்டில்தான் இப்படி என்று எண்ண வேண்டாம். உலகம் முழுவதும் அப்படித்தான். கடலைக் கடந்தவன் வியாபாரி, சிப்பாய், பிழைக்கப் போகிறவன், கைவிலங்கோடு கொண்டு போகப்பட்டவன், இவர்களில் ஒருவனாகத்தான் இருப்பான். சும்மா கடலில் மிதந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பலாம், அதற்குக் காசும் கொடுக்கலாம் என்ற எண்ணம் மனிதனுக்கு உண்டாகி இருநூறு வருஷங்கூட ஆகவில்லை.

1844-ஆம் வருஷம் லண்டனில் ஒரு கிளப்பில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் ஆங்கில நாவலாசிரியர் தாக்கரே. பி அண்ட் ஓ கப்பல் கம்பெனியின் தயவில் மத்தியதரைக் கடலைச் சுற்றி வரலாம், வருகிறீரா என்று ஒருவர் கேட்டார். மூட்டை கட்ட இரண்டு நாள் அவகாசங்கூட இல்லை. தாக்கரே கிளம்பிவிட்டார். ஏதென்ஸ், கான்ஸ்டாண்டிநோபிள், ஜெருசலேம், கெய்ரோ எல்லாம் பார்த்துவிட்டு வந்து 1846-இல் ஒரு புஸ்தகம் எழுதினார். கம்பெனிக்கு அது நல்ல விளம்பரம். எழுத்தாளருக்கு ஓசிப் பிரயாணம். இந்த ஏற்பாடு எழுத்தாளர்களுக்கு எந்தக் காலத்திலும் கசந்ததில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

அமெரிக்காவில் மார்க் ட்வெயின் 1867 ஜூன் மாதம் நியூயார்க்கில் 'குவேக்கர் ஸிட்டி' என்ற கப்பலில் ஏறினார். அது அமெரிக்க உள்நாட்டுப் போரில் யுத்தக் கப்பலாக இருந்தது. கட்டணம் 1,250 டாலர். அவருக்காக ஒரு பத்திரிகை அதைக் கட்டிற்று. ஐந்து மாதம் ஐரோப்பாவையும் பாலஸ்தீனத்தையும் சுற்றிவிட்டு வந்தார்கள். பெயரளவுக்கு அது புண்ணிய யாத்திரை. கூட வந்தவர்களின் பக்தியையும் பாசாங்கையும் அவர் எழுதிய எழுத்துத்தான் 1869-இல் புஸ்தகமாகி அவரைப் பிரபலமாக்கிற்று. யாத்திரை என்று பெயர் வைத்துக்கொண்டால்தான் அந்தக் காலத்து மனிதனுக்கு உல்லாசமாகப் போக மனம் துணிந்தது போலும். நம் தாத்தா பாட்டிமார்களும் காசி, ராமேசுவரம் என்று சொல்லிக்கொண்டு கிளம்பியவர்கள்தாமே!

அந்தச் சாக்கும் வேண்டாம் என்று துணிந்தவர் ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தில் பிறந்தார். அவர் பெயர் ஆல்பர்ட் பாலின். யூத வம்சம். சாதாரணக் குடும்பத்தில் 1857-இல் பிறந்தவர். அவருடைய தகப்பனார் அமெரிக்காவுக்குக் குடியேறப் போகும் ஏழைகளுக்குக் கப்பல் டிக்கெட் ஏற்பாடு செய்து கொடுக்கும் ஏஜெண்டு. தகப்பனார் காலமானபோது பாலினுக்கு வயது பதினேழு. பட்டம் இல்லை, சிபார்சு இல்லை. ஆனால் மனிதர்களை எப்படி ஏற்றி அனுப்புவது என்ற வித்தை மட்டும் கைவந்திருந்தது. 1886-இல் 'ஹாப்பாக்' என்ற பெரிய கப்பல் கம்பெனி அவரை அழைத்துக்கொண்டது. 1899-இல் அதன் தலைமை நிர்வாகியே ஆகிவிட்டார்.

கம்பெனிக்கு ஒரு தலைவலி இருந்தது. குளிர் காலத்தில் அட்லாண்டிக் சமுத்திரத்தில் பனியும் புயலுமாக இருக்கும். மேல் வகுப்புப் பிரயாணிகள் வரமாட்டார்கள். லட்சக்கணக்கில் செலவழித்துக் கட்டின கப்பல் துறைமுகத்தில் சும்மா கிடக்கும். மாலுமிகளுக்குச் சம்பளமோ கொடுத்தாக வேண்டும். அந்தக் கப்பலைச் சூரியன் காயும் தெற்குக் கடலுக்கு அனுப்பி, ஜனங்களை வேடிக்கை பார்க்க அழைத்துப் போனால் என்ன என்று பாலின் கேட்டார். கம்பெனியில் பலர் சிரித்தார்கள். 1891-ஆம் வருஷம் ஜனவரி 22-ஆம் தேதி 'அகஸ்டா விக்டோரியா' என்ற கப்பல் 241 பிரயாணிகளுடன் குக்ஸ்ஹாவன் துறையை விட்டுக் கிளம்பிற்று. பாலினும் தம் மனைவியோடு அதில் ஏறிக்கொண்டார். ஜிப்ரால்டர், எகிப்து, பாலஸ்தீனம், கான்ஸ்டாண்டிநோபிள், ஏதென்ஸ் என்று சுற்றிவிட்டு, ஏறத்தாழ இரண்டு மாதத்தில் கப்பல் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது. சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

அந்தக் கப்பலைப்பற்றி ஒரு ரஸமான சங்கதி உண்டு. ஜெர்மன் சக்கரவர்த்தினியின் பெயரை அதற்கு வைத்தார்கள். ஆனால் அவள் பெயர் 'அகுஸ்டே விக்டோரியா'. எழுத்துப் பிழையோடுதான் அந்தக் கப்பல் 1889 முதல் சமுத்திரத்தில் ஓடிற்று. 1897-இல்தான் திருத்தினார்கள். அச்சுப் பிழைக்காக இரவெல்லாம் தூக்கமில்லாமல் புரளும் என்னைப் போன்றவர்களுக்கு இதில் பெரிய ஆறுதல் இருக்கிறது.

பாலின் அத்துடன் நிற்கவில்லை. உல்லாசப் பிரயாணத்துக்கென்றே ஒரு கப்பல் கட்டச் சொன்னார். 1900-இல் 'பிரின்ஸஸ் விக்டோரியா லூயிஸே' நீரில் இறங்கிற்று. அதில் இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்ற பேச்சே கிடையாது. முதல் வகுப்பு அறைகள் 120. தேகப் பயிற்சிக்கு ஒரு கூடம். போட்டோப் பிடிக்கிறவர்கள் படத்தைக் கழுவிப் பார்த்துக்கொள்ள ஓர் இருட்டறை. அந்தக் கப்பல் 1906 டிசம்பரில் ஜமைக்காக் கரையோரம் தட்டி உடைந்து போயிற்று. பிரயாணிகள் அனைவரும் பிழைத்தார்கள். காப்டன் மட்டும் தம் அறைக்குப் போய்த் தம்மையே சுட்டுக்கொண்டு மாண்டார். எல்லோரையும் பத்திரமாகத் திருப்பிக் கொண்டு சேர்ப்பதுதானே அவருடைய உத்தியோகம்! அது தவறிப் போனதை அவரால் தாங்க முடியவில்லை.

இந்த உல்லாசத்துக்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது? கம்பெனியின் மற்றக் கப்பல்களில், அடித்தட்டில் நெருக்கியடித்துக்கொண்டு போன ஏழைகளிடமிருந்து. அந்தக் காலத்தில் ஹாம்பர்க் வழியாகப் புது உலகத்துக்குப் போன ஜனங்கள் சுமார் 50 லட்சம். பாலின் அவர்களுக்காக 1901-இல் துறைமுகத்துக்கு அருகே படுக்கை, குளியலறை, வைத்தியர், கோயில், யூதர்களுக்குத் தனிச் சமையல் எல்லாம் அமைத்து விடுதிகள் கட்டினார். அவர் கல்நெஞ்சக்காரர் அல்ல. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். ஒரே மனிதர், ஒரே கம்பெனி. ஒரு கையால் திரும்பி வராத பயணத்துக்கு டிக்கெட் கொடுத்தார். மறு கையால் திரும்பி வருவதே முழு இன்பமான பயணத்தை விற்றார்.

1914-இல் யுத்தம் வந்தது. பாலின் சக்கரவர்த்திக்கு வேண்டியவர்தான். ஆனால் இங்கிலாந்தோடு சண்டை வேண்டாம் என்று பாடுபட்டவர். அவருடைய கப்பல்கள் எங்கெங்கோ முடங்கின. 1918 நவம்பர் 9-ஆம் தேதி, சக்கரவர்த்தி முடி துறந்த அன்றைக்கு, பாலின் அளவுக்கு மீறித் தூக்க மருந்தைச் சாப்பிட்டு உயிர் நீத்தார். நல்ல வேளை என்று சொல்லக் கூடாது. ஆனால் அவர் கட்டி வளர்த்த கம்பெனியின் கப்பல் ஒன்றுக்கு இருபத்தொரு வருஷம் கழித்து நேர்ந்ததை அவர் பார்க்கவில்லை.

அந்தக் கப்பலின் பெயர் 'ஸெயின்ட் லூயிஸ்'. 1939 மே 13-ஆம் தேதி 937 பிரயாணிகளோடு ஹாம்பர்க்கை விட்டு அது கியூபாவுக்குப் புறப்பட்டது. அநேகமாக எல்லோரும் ஹிட்லரிடமிருந்து தப்பி ஓடும் யூதர்கள். காப்டன் குஸ்டாவ் ஷ்ரோடர் நல்ல மனிதர். மற்றப் பிரயாணிகளைப் போலவே இவர்களையும் மரியாதையாக நடத்த வேண்டும் என்று சிப்பந்திகளுக்கு உத்தரவு போட்டார். ஆகவே கப்பலில் சங்கீதம் இருந்தது, நடனம் இருந்தது, குழந்தைகள் நீந்தக் குளம் இருந்தது. பார்க்கிறவர்கள் உல்லாசப் பிரயாணம் என்றே நினைத்திருப்பார்கள். திரும்பி வரும் கட்டணத்தைக்கூட அவர்களிடம் முன்னதாகவே வாங்கியிருந்தார்கள்.

ஹவானாவில் இருபத்தெட்டுப் பேரைத்தான் இறங்கவிட்டார்கள். அவர்களைத் தவிர, தற்கொலைக்கு முயன்ற ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். மற்றவர்களின் அனுமதிச் சீட்டு செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். கப்பல் அமெரிக்கக் கரையோரமாகச் சென்றது. ராத்திரியில் மயாமி நகரத்தின் விளக்குகள் பிரயாணிகளின் கண்ணுக்குத் தெரிந்தன. அமெரிக்கா கதவைத் திறக்கவில்லை. கானடாவும் திறக்கவில்லை. வேறு வழியில்லாமல் கப்பல் ஐரோப்பாவுக்கே திரும்பிற்று. பிரிட்டன், பிரான்ஸ், பெல்ஜியம், ஹாலந்து என்ற நான்கு தேசங்கள் அவர்களைப் பங்கிட்டு ஏற்றுக்கொண்டன. மறு வருஷமே பிரிட்டன் தவிர மற்ற மூன்றும் ஹிட்லர் கைக்குப் போய்விட்டன. 254 பேர் மாண்டார்கள். கானடாவின் பிரதம மந்திரி 2018-இல் பார்லிமெண்டில் மன்னிப்புக் கேட்டார்.

வாசகர்களே, உல்லாசக் கப்பலைப்பற்றிப் பேச வந்தவன் எதற்காக இந்தத் துயரத்தைச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். 'அகஸ்டா விக்டோரியா' எந்தக் காரியமும் இல்லாமல் கடலைச் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்தது. 'ஸெயின்ட் லூயிஸு'ம் கடலைச் சுற்றிவிட்டுப் புறப்பட்ட கண்டத்துக்கே வந்தது. ஒரே கம்பெனி, அதே அலை, அதே சங்கீதம். முன்னதில் இருந்தவர்களுக்குத் திரும்பிப் போக ஒரு வீடு இருந்தது. பின்னதில் இருந்தவர்களுக்கு இல்லை. வேறுபாடு அவ்வளவுதான்.

பிற்பாடு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 1958 அக்டோபரில் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக்கைத் தாண்டத் தொடங்கின. ஐந்து நாள் கப்பல் பிரயாணம் ஒரே ராத்திரியில் முடிந்துவிட்டது. காரியமாகப் போகிறவர்கள் எல்லோரும் விமானம் ஏறிவிட்டார்கள். கப்பலுக்கு மிஞ்சினவர்கள் காரியமில்லாதவர்கள்தாம்! 1966 டிசம்பரில் 'ஸன்வர்ட்' என்ற கப்பல் உல்லாசப் பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு பஹாமாஸ் தீவுகளுக்குக் கிளம்பிற்று. அந்தத் தொழிலை ஆரம்பித்த இருவரில் ஒருவர் நார்வேக்காரரான குளோஸ்டர். மற்றவர் டெல் அவீவில் பிறந்த டெட் அரிஸன் என்ற யூதர். கிளம்பிய இடம் எது தெரியுமா? மயாமி. அகதிகள் விளக்கை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிய அதே மயாமி, இன்று உல்லாசக் கப்பல்களின் தலைநகரம். 2024 ஜனவரியில் அங்கிருந்து கிளம்பிய 'ஐகான் ஆஃப் த ஸீஸ்' என்ற கப்பல், கொள்ளளவில் 'டைட்டானிக்'கைப் போல் ஐந்து மடங்கு. இருபது தட்டு. ஏழாயிரத்துக்கு மேற்பட்ட பிரயாணிகள் அதில் போகலாம்.

இத்தனை பேர் எதற்காகப் போகிறார்கள்? மூட்டையை ஒரு தடவை அவிழ்த்தால் போதும், ஊர்கள்தாம் நம்மைத் தேடி வருகின்றன என்கிறார்கள். சமைக்க வேண்டாம், வண்டி பிடிக்க வேண்டாம் என்கிறார்கள். எல்லாம் வாஸ்தவமே. ஆனால் 2020 பிப்ரவரியில் கொரோனா நோய் பரவி, ஜப்பானில் யோகஹாமாத் துறைமுகத்தில் 'டைமண்ட் பிரின்ஸஸ்' கப்பலை நிறுத்தி வைத்தார்கள். அதிலிருந்த 3,711 பேருக்கும் அதே அறை, அதே கட்டில், அதே கடல் காட்சிதான். வீடு திரும்பும் நாள் தெரியாமல் போனதும், காசு கொடுத்து வாங்கின அந்த அறை சிறையாகத் தோன்றிற்று. சுகம் அறையில் இல்லை, திரும்பும் நாளில்தான் இருக்கிறது என்று அன்றைக்கு வெளிச்சமாயிற்று.

எங்கள் தெரு ஸ்நேகிதரிடம் கடைசியாக ஒரு கேள்வி கேட்டேன். "கப்பலில் உங்களுக்கு ரொம்பப் பிடித்தது எது ஸார்?"

அவர் பதில் சொல்வதற்குள் அவருடைய சம்சாரம் இரண்டு டம்ளரில் காப்பி கொண்டுவந்து வைத்தார். "அவரை ஏன் கேட்கிறீர்கள்? மூன்றாம் நாள் விடியற்காலையில் தூரத்தில் மெட்ராஸ் கலங்கரை விளக்கம் தெரிகிறதா என்று மேல் தட்டில் நின்று தேடிக்கொண்டிருந்தார். வீட்டைப் பூட்டினோமா, பூட்டினோமா என்று பத்துத் தடவை கேட்டார்" என்றார்.

நாங்கள் மூவரும் சிரித்தோம். அந்தக் காப்பியைக் குடித்துக்கொண்டே என் பாட்டியை நினைத்துக்கொண்டேன். கடலைப் பார்க்கவே மறுத்த அவளுக்கு இப்படி ஒரு கப்பல் உண்டென்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டாள். போன மனிதனை மூன்றாம் நாள் காலையில் அதே துறையில் கொண்டுவந்து இறக்கிவிடும் கப்பல்! அந்த ஒரு காரணத்துக்காகவே, அவள் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்தாவது தாத்தாவுக்கு அதில் டிக்கெட் வாங்கியிருப்பாள்.