ஒரே ஆண்டின் அகமும் புறமும்

1979ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள் மான்செஸ்டரில் இருந்து ஓர் இசைத்தட்டு வெளிவந்தது. ஜாய் டிவிஷன் என்னும் குழுவின் முதல் தொகுப்பு. பெயர் 'அன்நோன் பிளெஷர்ஸ்'. நான்கு மாதம் கழித்து, அக்டோபரில், கோவென்ட்ரி நகரத்துக் குழுவான 'தி ஸ்பெஷல்ஸ்' தன் பெயரையே தலைப்பாகக் கொண்டு தனது முதல் தொகுப்பை வெளியிட்டது. இரண்டுமே பிரிட்டிஷ் இசை வரலாற்றின் சிறந்த தொகுப்புகளாக இன்றுவரை எண்ணப்படுபவை. ஆனால் இரண்டையும் ஒரே மூச்சில் பேசுவோர் குறைவு. முன்னது பங்க் ராக்கின் ஆவேசம் அடங்கியபின் எழுந்த போஸ்ட்-பங்க் வகை. பின்னது ஜமைக்காவின் ஸ்கா தாளத்தைப் பங்க்கின் வேகத்தோடு பிணைத்தது. ஒன்று தனிமனிதத் துயரம், மற்றொன்று சமூக அரசியல் என்று வகைபிரித்து வைப்பது வழக்கம். தமிழ் படித்தவனுக்கு அந்தப் பிரிவினை உடனே அகம், புறம் என்று மொழிபெயர்ந்துவிடுகிறது. பொருத்தமாகத்தான் தெரிகிறது. ஆனால் இவ்விரண்டும் பிறந்த காலத்தை அருகில் சென்று பார்க்கும்போது இந்தப் பொருத்தம் எவ்வளவு தூரம் நிற்கிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

முதலில் காலம். 1978-79 குளிர்காலத்தில் பிரிட்டன் தொடர் வேலைநிறுத்தங்களால் நிலைகுலைந்தது. குப்பை அள்ளப்படாமல் தெருக்களில் குவிந்தது. மே 3ஆம் நாள் நடந்த தேர்தலில் மார்கரெட் தாட்சரின் கன்சர்வேட்டிவ் கட்சி வென்றது. அப்போது ஏறத்தாழ 14 லட்சமாக இருந்த வேலையற்றோர் எண்ணிக்கை 1982ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 30 லட்சத்தைத் தாண்டியது. இந்தச் சரிவு பருத்தியால் வளர்ந்த மான்செஸ்டரில் முன்பே தொடங்கியிருந்தது. ஆலைகள் மூடப்பட்டன, தொழிலாளர் குடியிருப்புகள் இடிக்கப்பட்டன. ஜாய் டிவிஷனின் கிட்டார் கலைஞர் பெர்னார்ட் சம்னர், தாம் வளர்ந்த சால்ஃபோர்டு பகுதி கண்முன்னே அழிந்ததைப் பிற்காலத்தில் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். கோவென்ட்ரியின் கதை வேறு. 1940 நவம்பர் 14 இரவு ஜெர்மானியக் குண்டுவீச்சில் சிதைந்த அந்நகரம், போருக்குப்பின் கான்கிரீட்டால் மீண்டும் கட்டப்பட்டு, கார்த் தொழிலால் செழித்தது. அயர்லாந்திலிருந்தும் கரீபியத் தீவுகளிலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் உழைப்பாளர்கள் அங்கே வந்து சேர்ந்தனர். எழுபதுகளின் இறுதியில் அந்தத் தொழிலும் ஆட்டம் கண்டது. 1980இல் கேன்லியில் இருந்த டிரையம்ப் ஆலையில் கார் உற்பத்தி நின்றது.

வேலை குறையும் இடத்தில் வெறுப்பு பெருகுவது எங்கும் காண்பதுதான். 1968இல் பர்மிங்காமில் ஈனோக் பவல் ஆற்றிய குடியேற்ற எதிர்ப்புரை விதைத்ததை எழுபதுகள் அறுவடை செய்தன. அதே பர்மிங்காமில் 1976இல் புகழ்பெற்ற கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் மேடையிலேயே பவலை ஆதரித்துப் பேசினார். அதற்கு மறுவினையாக 'ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம்' இயக்கம் பிறந்தது. 1979 தேர்தலில் நேஷனல் ஃபிரண்ட் என்னும் இனவெறிக் கட்சி 303 வேட்பாளர்களை நிறுத்தியது, ஒருவரும் வெல்லவில்லை. ஆனால் தேர்தலுக்குப் பத்து நாள் முன்பு, அக்கட்சியின் கூட்டத்தை எதிர்த்து லண்டன் சவுத்தாலில் நடந்த போராட்டத்தில் ஆசிரியர் பிளேர் பீச் தலையில் தாக்கப்பட்டு இறந்தார். அவரைத் தாக்கியவர் பெரும்பாலும் ஒரு காவலராகவே இருக்க வேண்டும் என்று முடிவு செய்த காவல்துறையின் உள்விசாரணை அறிக்கை 2010இல்தான் வெளியிடப்பட்டது.

அந்த ஏப்ரல் மாதத்தில்தான், மான்செஸ்டரை ஒட்டிய ஸ்டாக்போர்ட்டின் ஸ்ட்ராபெரி ஒலிப்பதிவுக்கூடத்தில் ஜாய் டிவிஷன் பாடிக்கொண்டிருந்தது. தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட் அக்குழுவின் மேடை முழக்கத்தை அப்படியே பதிவு செய்ய விரும்பவில்லை. ஸ்டீபன் மோரிஸின் டிரம்ஸ் ஒலிகள் ஒன்றோடொன்று கலந்துவிடாதபடி தனித்தனியாகப் பிரித்துப் பதிந்தார். ஒலியைத் தாமதித்துத் திருப்பும் டிஜிட்டல் கருவியைக் கொண்டு ஒவ்வோர் அடிக்கும் பின்னால் ஒரு வெற்றிடத்தை உண்டாக்கினார். கட்டடத்து லிஃப்ட்டின் இரைச்சல், போத்தல் உடையும் ஓசை ஆகியவற்றையும் சேர்த்தார். ஒரு பாடலில் இயன் கர்ட்டிஸின் குரலைத் தொலைபேசிக் கம்பி வழியாக அனுப்பிப் பதிவு செய்தார். பீட்டர் ஹுக்கின் பேஸ் கிட்டார் வழக்கமான அடித்தளத்தை விட்டு மேலேறி மெட்டைத் தானே சுமக்கிறது; கிட்டார் எங்கோ தொலைவில் கீறுகிறது. நால்வரும் ஒரே அறையில் வாசிப்பதாக நமக்குத் தோன்றுவதே இல்லை. ஒவ்வொருவரும் ஒரு காலிக் கட்டடத்தின் வெவ்வேறு தளத்தில் நிற்பதுபோல் இருக்கிறது. சம்னருக்கும் ஹுக்குக்கும் இந்த ஒலி பிடிக்கவில்லை. தங்கள் மூர்க்கம் போய்விட்டது என்றே கருதினர். ஆனால் இத்தொகுப்பு நிலைத்ததற்கு அந்த இடைவெளிகளே காரணம்.

ஸ்பெஷல்ஸின் தொகுப்பு நேர் எதிரான வழியில் உருவானது. லண்டன் ஃபுல்ஹாமில் இருந்த சிறிய ஒலிப்பதிவுக்கூடம். தயாரிப்பாளர் பாடகர் எல்விஸ் கோஸ்டெல்லோ. ஏழு பேர் நெருக்கியடித்துக்கொண்டு வாசிக்கும் ஒரு சிறு அரங்கின் வெக்கை அப்படியே கேட்கிறது. ஏழு பேரில் நெவில் ஸ்டேப்பிளும் லின்வால் கோல்டிங்கும் ஜமைக்காவில் பிறந்த கறுப்பினத்தவர், ஏனையோர் வெள்ளையர். குழுவை நிறுவிய ஜெர்ரி டாமர்ஸ் தொடங்கிய இசைநிறுவனத்தின் பெயரே 'டூ டோன்', அதாவது இருநிறம். அதன் சின்னம் கறுப்பு-வெள்ளைக் கட்டங்கள். சொல்ல வந்ததை உறையிலேயே சொல்லிவிடும் துணிவு அது.

தொகுப்பின் தொடக்கப் பாடலான 'எ மெசேஜ் டு யூ ரூடி'யில் ஒலிக்கும் டிரம்போனைக் கவனிக்க வேண்டும். அதை வாசித்தவர் ரிக்கோ ரோட்ரிகஸ். கியூபாவில் பிறந்து கிங்ஸ்டனில் வளர்ந்து 1961இல் இங்கிலாந்துக்குக் குடிவந்தவர். டாண்டி லிவிங்ஸ்டன் 1967இல் இதே பாடலை முதன்முதலில் பதிவு செய்தபோதும் டிரம்போன் வாசித்தவர் இவரே. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, தம் பிள்ளைகள் வயதுடைய கோவென்ட்ரி இளைஞர்களோடு நின்று அதே பாடலுக்கு அதே கருவியை எடுக்கிறார். அக்குழு பழைய இசையைத் திருடவில்லை, அதன் உரிமையாளரை அழைத்து நடுவில் நிறுத்தியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அடுத்து வரும் பாடலோ ஒன்றையொன்று பகைத்த இளைஞர் கூட்டங்களை, நேஷனல் ஃபிரண்ட் உட்பட, பெயர் சொல்லியே விளிக்கிறது. பெயர் சுட்டுவது புறத்தின் இயல்பு அல்லவா?

எதிரே, ஜாய் டிவிஷனின் உறையின் முகப்பில் குழுவின் பெயருமில்லை, தொகுப்பின் பெயருமில்லை. பீட்டர் சாவில் வடிவமைத்த கறுப்பு உறையின் நடுவே மலைத்தொடர்போல் வெண்கோடுகள். 1967இல் கண்டறியப்பட்ட முதல் துடிவிண்மீனின் வானொலி அலைகளின் வரைபடம் அது. வானியல் கலைக்களஞ்சியம் ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டது. பாடல்களிலும் நகரத்தின் பெயர் இல்லை, ஆளின் பெயர் இல்லை. அகப்பாடலில் தலைமக்களின் பெயரைச் சுட்டலாகாது என்ற தொல்காப்பிய விதியை மான்செஸ்டர் இளைஞர்கள் தம்மையறியாமல் கடைப்பிடித்தது போலிருக்கிறது.

ஆனால் இந்த இடத்தில்தான் அந்த வகைப்பாடு ஆட்டம் காணத் தொடங்குகிறது. அத்தட்டின் இரு பக்கங்களுக்கும் ஒன்று, இரண்டு என எண்ணிடாமல் 'வெளியே', 'உள்ளே' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களை அச்சிட்டிருந்தனர். 'உள்ளே' என்னும் பக்கத்தின் முதல் பாடல் 'ஷீஸ் லாஸ்ட் கன்ட்ரோல்'. வலிப்பு வந்து தன்னை இழக்கும் ஒரு பெண்ணைப் பற்றியது. அவள் கற்பனை அல்ல. கர்ட்டிஸ் பகல்நேரத்தில் அரசு ஊழியர். வேலைவாய்ப்பு அலுவலகத்தில், உடற்குறை உள்ளோருக்கு வேலை தேடித்தரும் பணி. அங்கே வேலை கேட்டு வந்துகொண்டிருந்தவள் அந்தப் பெண். ஒரு கட்டத்தில் வருவது நின்றது; வலிப்பில் இறந்துபோனாள் என்று அவர் பின்னர் அறிந்தார். 1979 ஜனவரியில் அவருக்கே வலிப்புநோய் என்பது உறுதியாயிற்று. ஆக, தொகுப்பின் மிக அந்தரங்கமான பாடல் பிறந்த இடம் ஓர் அரசு அலுவலக மேசை. தொழில் சரிந்த நகரத்தில், அதிலும் நோயோடு, வேலை தேடியவளின் கதை அது. இதைவிடப் புறமான பொருள் ஏது? கர்ட்டிஸ் அதைப் புள்ளிவிவரமாகவோ முழக்கமாகவோ ஆக்கவில்லை. அவள் இழந்ததைத் தன் உடலுக்குள் வாங்கிக்கொண்டார்.

மறுபுறம் ஸ்பெஷல்ஸின் 'காங்கிரீட் ஜங்கிள்' நகர அரசியலைப் பேசுவதாகச் சொல்லப்படும் பாடல். அதன் உள்ளே இருப்பது அச்சம். இரவில் தனியே வீடு திரும்ப அஞ்சும் ஒருவனின் முதுகுத்தண்டுச் சிலிர்ப்பு. டெரி ஹாலின் உணர்ச்சியற்ற, சலித்த குரல் அத்தனை துள்ளலுக்கும் நடுவே தனியாகவே நிற்கிறது. ஆடும் கூட்டத்தில் ஆடாத ஒருவன். அந்தக் குரல் இல்லையேல் இத்தொகுப்பு வெறும் கொண்டாட்டமாக முடிந்திருக்கும்.

இரண்டிலும் குறைகள் உண்டு. அவற்றை மறைத்துப் புகழ்வது வரலாறாகாது. இன சமத்துவம் பேசிய ஸ்பெஷல்ஸ் இளம்தாயொருத்தியை 'டூ மச் டூ யங்' பாடலில் கேலி செய்கிறது. பெண்களைப் பற்றிய வேறு சில வரிகளும் கசப்பானவை. இருநிறக் கனவில் பெண்ணுக்கு இடம் குறைவு. ஜாய் டிவிஷன் என்ற பெயரோ நாஜி முகாமில் பெண்கள் பாலியல் அடிமைகளாக வைக்கப்பட்டதைச் சொல்லும் ஒரு நாவலிலிருந்து எடுத்தது. 1978இல் வந்த அவர்களது முதல் குறுந்தொகுப்பின் உறையில் ஹிட்லர் இளைஞர் படையைச் சேர்ந்த சிறுவன் முரசறைகிறான். நேஷனல் ஃபிரண்ட் தெருவில் நடந்த காலத்தில் இத்தகைய விளையாட்டு ஐயத்தை எழுப்பியதில் வியப்பில்லை. அகம் என்பதால் பொறுப்பிலிருந்து விலக்கு இல்லை.

பின்னர் நடந்தவை தெரிந்தவைதான். 1980 மே 18ஆம் நாள், அமெரிக்கப் பயணத்துக்குச் சற்று முன்பு, கர்ட்டிஸ் தன் உயிரை மாய்த்துக்கொண்டார், வயது 23. எஞ்சியோர் நியூ ஆர்டர் என்ற பெயரில் தொடர்ந்தனர். ஸ்பெஷல்ஸின் நிகழ்ச்சிகளுக்கு நேஷனல் ஃபிரண்ட் ஆதரவாளர்களும் வந்து அடிதடியில் இறங்கினர். கோல்டிங்கே 1980இல் லண்டனில் இனவெறித் தாக்குதலுக்கு ஆளானார். 1981 ஜூலையில், பிரிட்டிஷ் நகரங்கள் கலவரத்தில் எரிந்துகொண்டிருந்தபோது, அவர்களுடைய 'கோஸ்ட் டவுன்' விற்பனைப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. வெற்றியின் உச்சியில் ஹால், ஸ்டேப்பிள், கோல்டிங் மூவரும் விலகினர். ஒற்றுமையைப் பாடிய குழு இரண்டே ஆண்டில் உடைந்தது. 'கோஸ்ட் டவுன்' பாடலைக் கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். வெறிச்சோடிய நகரம், காற்றின் ஊளை, இடைவெளிகள். கூட்டத்தின் குழு கடைசியில் காலிக் கட்டடத்துக்குள் வந்து சேர்ந்திருந்தது.

கலை காலத்துக்கு எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்பது நம் சிற்றிதழ்களில் பல பத்தாண்டுகள் நடந்த சண்டை. வெளிப்படையாகப் பேசாத கவிஞன் தப்பியோடுகிறான் என்று ஒரு தரப்பும், முழக்கமிடுபவன் கலைஞனே அல்லன் என்று மறுதரப்பும் சொல்லி ஓய்ந்திருக்கின்றன. 1979இன் இவ்விரு தட்டுகளும் இரு தரப்பையும் சங்கடப்படுத்துகின்றன. சிதறிக்கொண்டிருந்த ஒரு சமூகத்தில் ஹானெட் அந்தச் சிதறலையே ஒலியின் வடிவமாக்கினார். மனிதரிடையே வளர்ந்த தூரத்தை நாம் காதால் அளக்க முடிகிறது. டாமர்ஸ் சிதறலை மறுத்து, சேர்ந்து நிற்பது எப்படி ஒலிக்கும் என்று ஏழு பேரைக் கொண்டு காட்டினார். அந்தச் சேர்க்கை நீடிக்கவில்லை. அதனால் அது பொய்யாகிவிடாது. அது நிகழ்ந்தது, பதிவாகியிருக்கிறது, ரிக்கோவின் டிரம்போன் அதற்குச் சாட்சி.

இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்க விரும்புவோர் இறுதிப் பாடல்களைத் தவறவிட வேண்டாம். 'அன்நோன் பிளெஷர்ஸ்' கண்ணாடி நொறுங்கும் ஓசைகளினூடே, எதுவும் நினைவில் இல்லை என்ற தலைப்புடைய பாடலோடு முடிகிறது. ஸ்பெஷல்ஸ் தொகுப்பு பழைய ஜமைக்கப் பாடலொன்றை எடுத்து, ஆட்டம் முடிந்துவிட்டது, இனி என்ன செய்வாய் என்று பலர் கூடிச் சிரித்தபடி கேட்பதோடு நிறைகிறது. ஒன்றில் தனிக்குரல், மற்றதில் கூட்டுக்குரல். முடிந்துபோனது ஒன்றேதான்.