தறியிலிருந்து திரைக்கு: ஆடைப் படங்களின் வரலாறு



ஆடை வடிவமைப்புத் துறையில் சேர விரும்பும் பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோர் சிலர் கூறுவதுண்டு: “தையல் பழகத்தானே போகிறாள், அதற்கு எதற்குக் கணினி?” ஆனால், அத்துறையில் பயிலும் மாணவர் ஊசியும் நூலும் பழகுவதோடு ஃபோட்டோஷாப் போன்ற படச்செம்மை மென்பொருளையும் பழகவேண்டியுள்ளது. வரைந்த பூவேலைப்பாட்டைக் கணினியில் ஏற்றுகிறார். நிறத்தை மாற்றிப் பார்க்கிறார். ஒரு சொட்டுச் சாயம் செலவாகுமுன் அதனை மாதிரி உருவத்தின்மேல் போர்த்திப் பார்க்கிறார். இதனைக் கண்டு, கைத்தொழில் மறைந்து இயந்திர மோகம் வந்துவிட்டதென வருந்துவோரும் உளர். வரலாற்றைப் புரட்டினால் வேறொரு செய்தி கிடைக்கிறது. கணினிப் படத்தின் வேர்களுள் ஒன்று துணியிலேதான் இருக்கிறது.

துளையட்டையும் பட்டுப் படமும்

பிரான்சு நாட்டின் லியோன் நகரம் பட்டு நெசவுக்குப் பெயர் பெற்றது. பூவேலைப்பாடுள்ள பட்டினை நெய்வதற்கு அங்கே இருவர் தேவைப்பட்டனர். ஒருவர் நெய்வார், மற்றொருவர், பெரும்பாலும் ஒரு சிறுவர், ஒவ்வோர் ஊடைக்கும் உயரவேண்டிய பாவு நூல்களைக் கயிற்றால் இழுத்துக்கொண்டிருப்பார். 1804ஆம் ஆண்டளவில் ஜோசப் மரி ஜக்கார்ட் என்பவர், முன்னோர் சிலரின் முயற்சிகளைத் தொடர்ந்து, இவ்வேலையைத் துளையட்டைகளிடம் ஒப்படைக்கும் கருவியை உருவாக்கினார். அட்டையில் துளை இருந்தால் நூல் உயரும், இல்லையேல் உயராது. ‘உண்டு’, ‘இல்லை’ என்னும் இரண்டே விடைகளால் ஒரு முழு மலரையும் நெய்துவிடலாம் என்பதே இதன் நுட்பம். தங்கள் பிழைப்புப் போய்விடுமென நெசவாளர்கள் இக்கருவியைக் கடுமையாக எதிர்த்ததும் வரலாறு.

1839இல் அதே லியோனில் ஜக்கார்டின் உருவப்படம் ஒன்று பட்டில் நெய்யப்பட்டது. அதற்குச் சுமார் 24,000 அட்டைகள் தேவைப்பட்டன. பார்த்தவர்கள் அதனை அச்சிட்ட ஓவியம் என்றே நினைத்தனர். அப்படத்தின் ஒரு பிரதியை இலண்டனில் தம் இல்லத்தில் வைத்திருந்தவர் சார்லஸ் பாபேஜ். தாம் திட்டமிட்ட கணிப்பொறிக்கு இதே துளையட்டை முறையைப் பயன்படுத்த அவர் எண்ணினார். 1890ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹோலரித் துளையட்டைகளைப் பயன்படுத்தினார். அவர் தொடங்கிய நிறுவனம் பின்னர் ஐபிஎம் ஆக வளர்ந்த நிறுவனங்களுள் ஒன்று. நம் இல்லத் திருமணங்களில் உடுத்தும் காஞ்சிபுரப் பட்டுகளில் பல, இன்றும் ஜக்கார்ட் பூட்டிய தறியில் நெய்யப்படுபவையே. ஆகவே, தறியும் கணினியும் ஒரே குடும்பத்து உறவினர் எனலாம்.

புள்ளிகளால் ஆன படம்

1957இல் அமெரிக்கத் தேசியத் தரநிர்ணய நிலையத்தில் பணிபுரிந்த ரசல் கிர்ஷ், தம் கைக்குழந்தையின் ஒளிப்படத்தை வருடிக் கணினியில் ஏற்றினார். நெடுக்கில் 176, குறுக்கில் 176 என அப்படத்தில் இருந்தவை 30,976 படப்புள்ளிகள் மட்டுமே. இன்று நம் கைப்பேசியில் எடுக்கும் படத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகள் உள்ளன. அளவு பெருகியிருக்கிறதே ஒழிய, முறை மாறவில்லை. ஒவ்வொரு புள்ளியும் ஓர் எண். எண்ணை மாற்றினால் படமும் மாறும்.

அவ்வெண்களைச் சாதாரண மனிதரும் மாற்றுவதற்கு வழி செய்தவர்கள் தாமஸ் நோல், ஜான் நோல் என்னும் சகோதரர்கள். 1987இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட மாணவராக இருந்த தாமஸ், கறுப்பு வெள்ளைத் திரையில் சாம்பல் நிறச் சாயல்களைக் காட்டுவதற்கு ஒரு நிரல் எழுதினார். திரைப்படச் சிறப்புக் காட்சித் துறையில் இருந்த அவருடைய சகோதரர் ஜான், அதன் பயனை உணர்ந்து மேலும் வளர்க்கத் தூண்டினார். அடோபி நிறுவனம் 1990 பிப்ரவரியில் அதனை ‘ஃபோட்டோஷாப்’ என்னும் பெயரில் வெளியிட்டது. 1994இல் வந்த மூன்றாம் பதிப்பில் ‘அடுக்குகள்’ என்னும் வசதி சேர்ந்தது. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பதுபோல், உடலை ஓர் அடுக்கிலும் ஆடையை மற்றோர் அடுக்கிலும் நிழலை இன்னோர் அடுக்கிலும் வைக்கலாம். ஒன்றைத் திருத்தினால் மற்றொன்று கெடாது. ஆடை வடிவமைப்பு மாணவருக்கு இது எத்துணை உதவி என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

ஒன்பது தலை உயரம்

இனி, பெற்றோர் நாம் கூர்ந்து நோக்கவேண்டிய பகுதிக்கு வருவோம். ஆடைப் படங்கள் கணினிக்கு மிகவும் முற்பட்டவை. 1672இல் பாரிசில் தொடங்கப்பெற்ற ‘மெர்க்யூர் கலான்’ இதழ், அரசவையில் எவ்வகை ஆடை உடுத்துகிறார்கள் என்னும் செய்தியையும் வெளியிட்டது. 1830இல் அமெரிக்காவில் தோன்றிய ‘கோடீஸ் லேடிஸ் புக்’ இதழின் ஆடைப் படங்களுக்குப் பெண்கள் கையால் வண்ணம் தீட்டினர். ஊர்ப்புறத் தையற்காரர் அப்படங்களைப் பார்த்தே துணி வெட்டினர்.

அப்படங்களில் இருந்த பெண்கள் உண்மையான பெண்களைப் போல் இருந்தார்களா? இல்லை. இடை நம்பமுடியாத அளவு சிறியது. பாதமோ பொம்மையின் பாதம். இன்றும் இத்துறை மாணவர் கற்கும் தொடக்கப் பாடங்களுள் ஒன்று உருவம் வரைதல். வளர்ந்த மனிதரின் உயரம் ஏறத்தாழ ஏழரைத் தலை நீளம். ஆடை வடிவமைப்பாளர் வரையும் உருவமோ பெரும்பாலும் ஒன்பது தலை நீளம். கூடுதல் நீளத்தில் பெரும்பகுதி கால்களுக்கே செல்லும். துணி விழும் அழகைக் காட்டுவதற்காக அவ்வாறு வரைகிறார்கள். அது தொழிலின் மரபு. ஓவியமாக இருந்தவரை அதனால் பெருந்தீங்கில்லை. இது வரைந்தது என்பது பார்ப்பவருக்குத் தெரியும்.

ஒளிப்படம் வந்தபின் நிலைமை மாறியது. 1911இல் எட்வர்ட் ஸ்டைக்கன், பால் புவாரே வடிவமைத்த ஆடைகளைப் படமெடுத்து ஒரு பிரெஞ்சு இதழில் வெளியிட்டார். நவீன ஆடை ஒளிப்படக்கலையின் தொடக்கமாகப் பலரும் அதனைக் குறிப்பிடுவர். ஒளிப்படம் சாட்சியம் போன்றது; கண்டதைக் காட்டுவது என்னும் நம்பிக்கை நமக்கு. ஆனால், 19ஆம் நூற்றாண்டிலேயே நெகட்டிவின்மேல் பென்சிலால் தீட்டி முகச்சுருக்கத்தை மறைத்தவர்கள் இருந்தார்கள். தேர்ந்த கலைஞர் பல மணி நேரம் உழைத்துச் செய்த அவ்வேலையை, ஃபோட்டோஷாப் வந்தபின் மாணவரும் செய்யலாம் என்றாயிற்று. இன்று கைப்பேசி வைத்திருக்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் விரல் நுனியில் செய்கிறது. ஒன்பது தலை ஓவியம், ஒளிப்படத்தின் வேடத்தில் வந்துவிட்டது.

இதன் விளைவை உணர்ந்து சில நாடுகள் சட்டம் இயற்றியுள்ளன. பிரான்சில் 2017 அக்டோபர் முதல், விளம்பரப் படத்தில் மாதிரி நங்கையின் உடலமைப்பைத் திருத்தியிருந்தால் ‘திருத்தப்பட்ட ஒளிப்படம்’ என்று குறிப்பிடவேண்டும். தவறினால் 37,500 யூரோ அபராதம். நார்வேயிலும் 2022 ஜூலையில் இத்தகைய சட்டம் நடைமுறைக்கு வந்தது.

நாம் செய்யக்கூடியது என்ன?

சட்டம் விளம்பரத்தைத்தான் கட்டுப்படுத்தும். கண்ணாடிமுன் நின்று, “நான் ஏன் இப்படி இல்லை?” என்று தன்னையே வெறுக்கும் பிள்ளைக்கு அது விடை சொல்லாது. அவ்விடையைச் சொல்லும் பொறுப்பு வீட்டுக்கும் பள்ளிக்கும் உரியது. அறிவுரையைவிடச் செய்து பார்த்தல் சிறந்தது. ஒரு படத்தில் எத்தனை அடுக்குகள் உண்டு, எந்த நிழல் தீட்டப்பட்டது என்பதைத் தன் கையால் செய்து அறிந்த மாணவரை ஏமாற்றுவது கடினம். அவ்வகையில், படச்செம்மை கற்கும் மாணவர் தொழிலோடு படங்களைப் படித்தறியும் எழுத்தறிவையும் சேர்த்தே பெறுகிறார். அவ்வறிவு தொழிலுக்குப் போவோருக்கு மட்டும் உரியதாக இருக்கவேண்டுமா?

தொடக்கப்பள்ளியிலும் இதற்கு எளிய வழி உண்டு. கணிதப் பாடத்தில் நீட்டலளவை வரும்போது, மாணவர்கள் இருவர் இருவராக ஒருவர் தலையின் நீளத்தையும் முழு உயரத்தையும் மற்றவர் அளக்கட்டும். உயரத்தைத் தலை நீளத்தால் வகுக்கட்டும். பத்து வயதுப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் ஆறுக்கும் ஏழுக்கும் இடையில் விடை வரும். பின்னர் ஓர் ஆடை வடிவமைப்பு ஓவியத்தைக் கொடுத்து, அதே அளவையால் அளக்கச் சொல்லுங்கள். ஒன்பது என்னும் விடையைக் கண்டதும், “ஆசிரியர், இப்படி யாருமே இருக்க முடியாதே!” என்று அவர்களே சொல்லட்டும். செலவு ஓர் அளவு நாடா மட்டுமே. வீட்டில் பெற்றோரும் இதனைச் செய்து பார்க்கலாம்.

செய்து பார்த்தோர் தம் அனுபவத்தை எழுதுங்கள். மற்ற ஆசிரியர்களுக்கும் அது பயன்படும்.